பித்தளைக் குழாய் எந்தத் தட்டில்

மேசையின் மேல் மூன்று தட்டுகள் இருந்தனவாம். ஒன்றில் தனிமம், அடுத்ததில் சேர்மம், கடைசியில் கலவை என்று அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்களாம். நான் அவற்றைப் பார்த்ததில்லை. அதனால் அறைக்குள் நடந்ததை என் கணவர் சொன்னபடியும், கம்பெனி கேட்டுக்கு வெளியே நடந்ததை நான் நின்று பார்த்தபடியும் எழுதுகிறேன்.

1991ஆம் வருடம். ஒரகடம் சாலையை ஒட்டியிருந்த எங்கள் ஊர் நிலத்தை ஒரு செம்புக் கம்பி கம்பெனி வாங்கியிருந்தது. நிலம் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேலை என்பது பேச்சு. அந்தப் பேச்சு சும்மா வந்ததில்லை. தனித்தனியாகக் கையெழுத்து வாங்க ஆள் வந்தபோது ஊரே சேர்ந்து உட்கார்ந்துகொண்டு, எல்லோருக்கும் வேலை என்றால் எல்லோரும் போடுகிறோம், இல்லையென்றால் ஒருவரும் போடமாட்டோம் என்று நின்றது. அப்படி நிற்க வைத்தவர் என் சின்ன மாமனார், அதாவது என் மாமனாரின் தம்பி. எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம்.

கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகுதான் கம்பெனி ஆபீசர் பரீட்சை என்று ஒன்றைச் சொன்னார். தேறினால் நிரந்தர வேலை. தேறாவிட்டால் அதே கம்பெனியில் காண்ட்ராக்டரிடம் கூலி. காண்ட்ராக்டர் நாளைக்கு வராதே என்றால் வரக்கூடாது. நிலமும் இல்லாமல், காண்ட்ராக்டர் வாயைப் பார்த்துக்கொண்டு வாழ்வது எப்படியிருக்கும் என்று எல்லோருக்கும் புரிந்திருந்தது. பரீட்சை ஒன்பதாம் வகுப்பு அறிவியலிலிருந்து. "செம்பு உருக்குற எடம். எது தனி உலோகம், எது கலந்ததுன்னு தெரியாதவனை நான் உள்ள விட முடியாது" என்று ஆபீசர் கூட்டத்தில் சொன்னார்.

என் கணவர் ஒன்பதாவதைப் பாதியில் விட்டவர். முப்பது வயது. வாடகை டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் படப்பைப் பெண், பன்னிரண்டாவது வரை அறிவியல் பிரிவில் படித்தவள், அந்த வீட்டுக்கு வந்து இரண்டாவது வருடம். பக்கத்து வீட்டுக் கொழுந்தன், சின்ன மாமனாரின் ஒரே மகன், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டியூட்டோரியலில் சேர்ந்தான். என் கணவருக்கு நான்தான் டியூட்டோரியல்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் சமையலறையில் உட்காருவோம். மாமியார் அங்கேயே பருப்பு புடைத்துக்கொண்டிருப்பார். முதல் நாள் அணு, மூலக்கூறு. புத்தகத்தில் இருந்த வரையறையை அவர் மூன்று முறை படித்துவிட்டு மூடி வைத்தார்.

"ஒண்டியா இருந்தா அணு. சேர்ந்து இருந்தா மூலக்கூறு. அவ்ளோதானே?"

"சும்மா பக்கத்துல நின்னா சேர்ந்ததா ஆவாதுங்க. பிணைஞ்சு, ஒரே ஆளா நடமாடணும்."

"அப்போ ரேஷன் கார்டு மாதிரி. உள்ள கீற ஒவ்வொரு ஆளும் அணு. கார்டு மூலக்கூறு."

எனக்கு அது பிடித்திருந்தது. எல்லா இடத்திலும் செல்லாது என்று தெரிந்தும் விட்டுவிட்டேன். மறுநாளே அது இடித்தது.

"காத்துல கீற ஆக்சிஜன் ரெண்டு ரெண்டா சேர்ந்து கீதுன்ற. சேர்ந்துட்டா சேர்மம்தானே? நீ தனிமம்ன்ற. புக்கு தப்பா, நீ தப்பா?"

"ரெண்டும் ஆக்சிஜன்தானேங்க. அண்ணனும் தம்பியும் ஒரே கார்டுல இருந்தா எத்தினி வம்சம்?"

"ஒண்ணுதான்."

"அதான் தனிமம். ரெண்டு அணு, ஒரு மூலக்கூறு, ஒரே வம்சம். வேற வேற வம்சம் ஒரே கார்டுக்கு வந்தாதான் சேர்மம்."

"நீயும் நானும்" என்றார் உடனே.

முறத்தைத் தட்டியபடியே மாமியார் சொன்னார்: "டேய், படிக்கிறியா, பொண்டாட்டிய கொஞ்சிகினு கீறியா? வேல கெடைக்கலன்னா டிராக்டர்காரன் கூட சேர்க்கமாட்டான்."

ஹீலியம் பற்றிச் சொன்னபோது அவரே முடித்து வைத்தார். ஒரே அணுவாகத் திரியும், அதுவேதான் அதன் மூலக்கூறும். "நம்ம போஸ்ட்மேன். ஒண்டிக்கட்ட, கார்டு மட்டும் தனியா வாங்கி வெச்சிகினு கீறாரு." நீரின் H₂O-வை எழுதிக் காட்டி, அதில் எத்தனை அணு என்றால் மூன்று, எத்தனை தனிமம் என்றால் இரண்டு, எத்தனை மூலக்கூறு என்றால் ஒன்று. இந்த மூன்று கேள்வியையும் மாற்றி மாற்றிக் கேட்டால் முதலில் தடுமாறினார். பிறகு தடுமாறவில்லை. ஏரித் தண்ணீரானாலும் போர் தண்ணீரானாலும் அந்த மூலக்கூறில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு மாறாது என்பதையும், எரிகிற வாயு ஒன்றும் எரிய உதவுகிற வாயு ஒன்றும் சேர்ந்து நெருப்பை அணைக்கிற தண்ணீர் ஆகிறது என்பதையும் சொன்னபோது, "அப்போ கார்டுக்குள்ள வந்துட்டா பழைய குணம் பூடும்" என்றார்.

கலவைக்கு அவர் கண்டுபிடித்தது பஸ். காஞ்சிபுரம் பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பவர்கள் ஒரே குடும்பம் இல்லை. ஒவ்வொரு டிரிப்பிலும் கூட்டம் வேறு, கணக்கு வேறு. இறங்கினால் அவரவர் அவரவரே.

சண்டை வந்தது பித்தளையில். அடுப்படியில் மாமியாரின் பித்தளைக் குடம் இருந்தது. அதைக் காட்டி என் கணவர், செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது என்றால் இதைச் சேர்மம் என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எவ்வளவு செம்புக்கு எவ்வளவு துத்தநாகம் என்று மாறாத கணக்கு ஒன்று அதற்கு உண்டா என்று நான் திருப்பிக் கேட்டேன். வார்க்கிறவர் இஷ்டம் என்றார்.

"அப்போ பஸ்ஸு. கலவை" என்று அவரே சொன்னார்.

முறம் நின்றுவிட்டது. "இன்னாது? இன்னா கலவ?" என்றார் மாமியார். "எங்கம்மா வூட்ல சீரா குடுத்த குடம் அது. அத போயி கலப்படம்ன்ற? ஏம்மா மருமவளே, எங்க வூட்டாளுங்க ஏமாந்து பூட்டாங்கன்றியா?"

"கலப்படம் இல்லங்க அத்த. பித்தளைன்னாலே அப்படித்தான் செய்வாங்க."

"பித்தளன்னா பித்தளதான். தங்கம்னா தங்கம், செம்புன்னா செம்பு. அதுக்குன்னு ஒரு பேரு கீது இல்ல?"

அந்த வாரம் முழுக்க என் கையில் அந்தக் குடத்தைக் கொடுக்கவில்லை. எங்கள் பக்கம் யாரிடம் கேட்டாலும் அவர் சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்கள். சீர் வரிசையில் வருவது, சாமி முன்னால் குத்துவிளக்காக நிற்பது, அதைக் கலந்தது என்று நினைக்க யாருக்கு மனம் வரும்?

பரீட்சை நாளில் கம்பெனி கேட்டுக்கு முன்னால் ஊரே கூடியிருந்தது. ஆண்கள் தகரக் கொட்டகையின் கீழே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பெண்கள் சாப்பாட்டுத் தூக்குடன் எதிர்ப்பக்கம் வேலமர நிழலில். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். உள்ளே போனவர் அதே கேட்டு வழியாகத்தான் வெளியே வரவேண்டும். முதல் ஆள் வெளியே வந்ததும் கூட்டம் சூழ்ந்துகொண்டது. மூன்று தட்டு என்றார். செம்புக் கம்பி, கந்தகம், உப்பு, ஒரு கிளாஸ் தண்ணீர், மண், பித்தளைக் குழாய், இவற்றைப் பிரித்து வைக்கவேண்டும். பிறகு வாய்க்கேள்வி.

"கொழாய எங்கடா வெச்ச?"

"தனிமத்துல. செம்பு பக்கத்துல."

அடுத்தவரும் அங்கேதான் வைத்திருந்தார். அதற்கடுத்தவரும். கொழுந்தன் போய்விட்டு வந்தான், முகத்தைத் துடைத்தபடி. "கொழாயாப்பா? தனிமம்தான். உலோகம்னா தனிமம்னு டியூட்டோரியல்ல சொல்லிக் குடுத்தாங்க இல்ல" என்றான்.

சின்ன மாமனார் கொட்டகைக்கு நடுவே வந்து நின்றார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், ஆனாலும் எங்களுக்குக் கேட்டது.

"உஷாரா கேளுங்கடா. போனவனுங்க எல்லாம் கொழாய தனிமத்துல வெச்சிருக்கானுங்க. இனிமே போறவனும் அங்கதான் வெக்கணும். சரியோ தப்போ, எல்லாம் ஒரே எடத்துல வெச்சா ஒருத்தனையும் தள்ள முடியாது. அத்தினி பேரையும் தள்ளுவானா? கையெழுத்துக்கு எப்டி நின்னோம்? அதேதான்."

யாரும் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது? ஒருமுறை அந்த வழி வேலை செய்திருந்தது. என் கணவர் வரிசையின் கடைசிப் பாதியில் உட்கார்ந்திருந்தார். சாலைக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்தார். நான் தூக்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

சின்ன மாமியார் என் பக்கத்தில்தான் இருந்தார். மகன் வெளியே வந்ததிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் முழங்கையைப் பிடித்தார்.

"ஏண்டி மருமவளே, நீதான் பன்னெண்டாவது படிச்சவ. எம் புள்ள வெச்சது சரிதானே?"

நான் தூக்கின் மூடியைக் கழற்றி மறுபடி மூடினேன்.

"இன்னாடி, வாயில கொழுக்கட்டையா? சரின்னு ஒரு வார்த்த சொல்லேன்."

சத்தமாகக் கேட்டுவிட்டார். கொட்டகையிலிருந்து தலைகள் திரும்பின. மாமனாரும் திரும்பினார். சரி என்று சொன்னால் என் கணவர் உள்ளே போய் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. ஊர் சொன்னதை என் வாயும் சொல்லிவிட்டால், கற்ற மற்றவற்றையும் அவர் சந்தேகிப்பார். தப்பு என்று சொன்னால் உள்ளே போய் வந்தவர்கள் எல்லோரும் தோற்றவர்கள் ஆவார்கள், என் கையைப் பிடித்திருந்தவரின் மகன் உட்பட. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை.

"பித்தளை கலவைங்க" என்றேன். "செம்பும் துத்தநாகமும் கலந்தது."

"அப்போ எம் புள்ள தப்பு பண்ணிட்டான்றியா?"

"குழாய் மட்டும்தான் சொன்னேன். மத்ததெல்லாம் சரியா இருக்கும்."

"பாத்தியா, பாத்தியா" என்று அவர் எழுந்துவிட்டார். "எல்லாம் போயிட்டு வந்த பொறவு சொல்றா. முன்னாலயே சொல்றதுக்கு இன்னாவாம்? அவ புருசன் மட்டும் பாஸ் ஆவணும்."

"குத்துவெளக்கு கலவையாம்" என்று கொட்டகையில் ஒருவர் சிரித்தார். "அப்போ சாமிக்கு முன்னால பேரிச்சம்பழத்துக்குப் போடுற தகரத்தையா ஏத்துறோம்?" வேறு யாரும் சிரிக்கவில்லை. இன்னும் போகவேண்டியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்ன மாமனார் என்னைத் திட்டவில்லை. தன் அண்ணனைப் பார்த்தார். என் மாமனார் எழுந்து தன் மகனிடம் போனார்.

"அவ சொல்றது நிசமாவே இருக்கட்டும்" என்றார். "போயி வந்தவனுங்க வெச்சத மாத்த முடியுமா? நீ ஒருத்தன் மாத்தி வெச்சா அத்தினி பேரும் தப்புன்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரி. தம்பி புள்ள வெச்ச எடத்துலயே வை."

என் கணவர் தலையசைத்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியவில்லை. மாமனாரின் முதுகு மறைத்திருந்தது. அதற்குள் கேட்டில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மற்றவர்களைவிட அவர் உள்ளே அதிக நேரம் இருந்ததாக எனக்குப் பட்டது. மரத்தடியில் என்னைச் சுற்றி இடம் காலியாகியிருந்தது. மாமியார் மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, தூக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். சாலையில் ஜல்லி லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு லாரி கடந்ததும் புழுதி அடங்க, கேட் திறந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

அவர் வெளியே வந்தபோது உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார். கூட்டம் சூழ்ந்தது.

"கொழாய எங்க வெச்ச, ணா?" என்று கேட்டவன் கொழுந்தன்தான்.

"வெச்சேன்."

"எங்கன்னு கேக்கறேன்."

"தட்டுலதாண்டா வெச்சேன். தலையிலயா வெப்பேன்? தண்ணி குடு மொதல்ல."

மாமனார் கேட்கவில்லை. அன்று மாலை வரைக்கும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் காலை டிராக்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்.

"மொதல்ல தனிமத்துலதான் வெச்சேன். கை அங்கதான் போச்சு. அப்பறம் வாய்க்கேள்வி. தண்ணியில எத்தினி அணு, எத்தினி மூலக்கூறு, ஆக்சிஜன் தனிமமா சேர்மமா, எல்லாம் சொன்னேன். நல்லாதான் கேட்டாரு. எழுந்துக்கச் சொன்னாரு. எழுந்தேன். எழுந்தவன் கொழாய எடுத்து கலவையில வெச்சிட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"'ஏன் மாத்துற'ன்னாரு. 'தப்பா வெச்சிட்டேன் சார்'னேன். 'எதனால தப்பு?' பஸ்ஸு கதையச் சொன்னேன்."

"சிரிச்சாரா?"

"சிரிக்கல. எழுதிகினாரு. யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாரு. எம் பொண்டாட்டின்னேன். வெளியில இன்னா பேசிகினு கீறாங்கன்னு கேட்டாரு."

"நீங்க?"

"வெயில் ஜாஸ்தின்னு பேசிகினு கீறாங்க சார்னேன்."

ரேடியேட்டர் மூடியைப் போட்டுத் திருகினார். "அப்பாகிட்ட சொல்லாத. நானே சொல்றேன்" என்றார். ஆனால் சொல்லவில்லை. முடிவு வரும்வரை அந்த வீட்டில் நாங்கள் நான்கு பேரும் குழாய் என்ற சொல்லையே பேசாமல் இருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் தன் டியூட்டோரியல் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருப்பான், பரீட்சை முடிந்த பிறகும். அவன் அம்மா படிக்க வைத்தார் என்று நினைக்கிறேன். எதையாவது திருத்திவிடலாம் என்பதுபோல.

முடிவைச் சொல்ல ஆபீசர் கேட்டுக்கே வந்தார். நிரந்தர வேலைக்கானவர்களின் பெயரை மட்டும் படிப்பேன், மற்றவர்கள் காண்ட்ராக்டரைப் பார்க்கலாம் என்றார். ஊரே நின்றது. முதலில் படித்தது மேல்தெருக்காரர் ஒருவரின் பெயர். குழாயைத் தனிமத்தில் வைத்தவர்தான் அவர். எல்லோரும் மூச்சு விட்டார்கள். சின்ன மாமனார் தன் அண்ணனின் தோளைத் தொட்டார். அடுத்த பெயரும் அப்படித்தான். பிறகு என் கணவர் பெயர். பிறகு இன்னும் சில. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் ஆபீசர். கொழுந்தன் பெயர் வரவில்லை.

குழாய்தான் தீர்மானித்தது என்று ஆபீசர் சொல்லவில்லை. குழாயைத் தவறாக வைத்த இரண்டு பேர் தேறியிருந்தார்கள். அப்படியென்றால் மற்றவர்களைத் தள்ளியது வேறு ஏதாவதாக இருக்கவேண்டும். நீரின் அணுக்களாக இருக்கலாம், ஆக்சிஜனாக இருக்கலாம். இதை அங்கேயே யாரிடமாவது சொல்லலாம் என்று சுற்றிப் பார்த்தேன். கேட்கிற முகம் ஒன்றுகூட இல்லை.

"கொழாய நீ எங்க வெச்ச?" என்று சின்ன மாமனார் என் கணவரைக் கேட்டார்.

இந்த முறை அவர் மழுப்பவில்லை. "கலவையில வெச்சேன், சித்தப்பா."

"உள்ள எங்களப் பத்தி இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லாமதான் அவன் எம் புள்ளையத் தள்ளினானா? பேமானி, காட்டிக் குடுத்துட்டு நிக்கிறான் பாரு" என்று சின்ன மாமியார் கத்தினார். கொழுந்தன் அவரைப் பிடித்து இழுத்தான். "வுடும்மா. அண்ணன் அப்டி ஆளு இல்ல. வுடு." அவன் கண் என் கணவரைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தது.

சின்ன மாமனார் தன் அண்ணனிடம் திரும்பினார். "நீ சொல்லித்தான் மாத்தினானா?"

என் மாமனார் மகனைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் பழி அவர் மேல் வந்திருக்கும், மகனுக்குப் பாதி இறங்கியிருக்கும். "இல்ல" என்றார். "நான் அங்கயே வைன்னுதான் சொன்னேன். எம் பேச்சக் கேக்கல." அது உண்மை. அவர் உண்மையைத்தான் சொன்னார்.

ஊருக்குத் திரும்பும்போது இரண்டு கூட்டமாகப் போனோம். முன்னால் சின்ன மாமனார் வீட்டார். மாமனார் அவர்களோடு நடந்தார், தம்பிக்குப் பக்கத்தில். பின்னால் நாங்கள் இருவர். என் கணவர் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார். ஏறினால் அவர்களைத் தாண்டிப் போகவேண்டும்.

"சந்தோசமா கீதா?" என்று என்னைக் கேட்டார்.

"உங்களுக்கு?"

"வேல வந்துச்சு" என்றார்.

மாமியார் அன்று வரவில்லை, வீட்டில் இருந்தார். வாசலில் எங்கள் முகத்தைப் பார்த்ததும் கேள்வியைக் கண்ணால் கேட்டார். என் கணவர் தலையை மட்டும் ஆட்டினார். மாமியார் இரண்டு கையாலும் மகனின் முகத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் சொடுக்கினார், சத்தம் வராதபடி. சுவருக்கு அந்தப் பக்கம் சின்ன மாமியாரின் அழுகை கேட்டுக்கொண்டிருந்தது.

அடுப்பில் ஜவ்வரிசி வெந்துகொண்டிருந்தது. காலையிலேயே ஊற வைத்திருப்பார் போலிருக்கிறது. வெல்லம் தட்டி, ஏலக்காய் எடுத்து வைத்து, எல்லாம் தயாராக இருந்தது. பாயசம் கொதித்தால் அந்த வாசனை சுவரைத் தாண்டும். மாமியார் சுவர்ப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு வெல்லத்தைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடி, வெந்த ஜவ்வரிசியில் உப்பைப் போட்டுக் கிளறி, எங்கள் இருவருக்கும் தட்டில் வைத்தார்.

"சாப்டுங்க" என்றார் மெதுவாக. "ஆறிப் பூடும்."